பாலக்காட்டு லைனில் வேலைக்குப் போகிறவர் ஊர் பார்ப்பது எப்படி?

கேள்வி கேட்ட தம்பி கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பாலக்காடு, சித்தூர், கொல்லங்கோடு, நெம்மாறை லைன், அதாவது வாரா வாரம் டீலர்களைப் பார்த்து வரும் பாதை, அவருக்குக் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை பஸ் ஏறினால் வியாழக்கிழமை இரவுதான் வீடு. தங்குவது பாலக்காட்டு லாட்ஜில். "மலம்புழா பார்த்துவிட்டேன், கோட்டையும் பார்த்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது? வண்டி கிடையாது, லீவும் போட முடியாது" என்று கேட்கிறார். நானும் அதே லைனில் வருஷக்கணக்கில் அலைந்தவன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். டூர் போகிறவருக்குப் பகல் முழுக்கச் சொந்தம். நமக்குப் பகல் டீலருடையது. ஆனால் அங்கே கடைகள் ஒன்பதரை, பத்துக்கு முன்னால் களைகட்டுவதில்லை. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை உங்களை யாரும் தேட மாட்டார்கள். சாயாக்கடைகள் விடியும் முன்னே அடுப்பு மூட்டிவிடும். உள்ளூர் பஸ்கள் ஆறு மணிக்கெல்லாம் ஓடத் தொடங்கும். கோயில்கள் திறந்திருக்கும், பத்து, பத்தரைக்கு நடை சாத்தினால் அப்புறம் மாலை ஐந்துக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேல் வெயில் இருக்காது. மார்ச், ஏப்ரல் மாதத்துப் பாலக்காட்டு வெயிலை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கேரளத்திலேயே அதிகம் காய்கிற இடங்களில் அது ஒன்று. மாலையை நம்பாதீர்கள். கலெக்‌ஷன் முடிந்து வெளியே வரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும், காலும் வலிக்கும்.

அடுத்தது, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு லைனை அதற்குள் நுழைக்கப் பார்த்தால் இரண்டும் கெடும். லைன் எந்த ரோட்டில் போகிறதோ அந்த ரோட்டில் இருப்பதைப் பாருங்கள். ஒரே ஊருக்குப் போக இரண்டு வழி இருந்தால் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. பாலக்காடு மாவட்டத்தில் பஸ் வசதி நன்றாக இருப்பதால் இது சுலபம்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது? நீங்கள் பம்பு விற்கிறவர். தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். அந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரிப் பக்கமும் தெற்கே ஆனைமலைப் பக்கமும் நின்றுவிட, நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரை திறந்து கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் என்கிறோமே, அதுதான். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று இந்த வழியாகத்தான் கோயம்புத்தூருக்கு வந்து நம்மைக் குளிர வைக்கிறது. கார்த்திகை, மார்கழியில் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து பாலக்காட்டுக்குள் அடிக்கும். விருச்சிகக் காற்று என்று அங்கே சொல்வார்கள். அந்த நாட்களில் கஞ்சிக்கோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், பனை மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் ஓலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும்.

அந்தக் கணவாய்க்குள் தண்ணீர் வருவது நம் பக்கத்திலிருந்து. ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு பொள்ளாச்சி வட்டத்தைக் கடந்து எல்லை தாண்டிச் சித்தூர்ப் புழையாகிறது, பிறகு பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலைத் தொடுகிறது. 1970-ல் இரண்டு மாநிலங்களும் போட்ட பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையை ஒட்டிய மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைச் சித்தூர்ப் பாசனத்துக்குக் கொடுக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் புறம் மூலத்தறை ரெகுலேட்டர் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் அங்கேதான் வலதுகரை, இடதுகரைக் கால்வாய்களாகப் பிரிகிறது. சித்தூர் டீலரைப் பார்க்கப் போகிற நாளில் ஒருமுறை மூலத்தறைக்குப் போய் வாருங்கள். பூங்கா, ஐஸ்கிரீம் வண்டி எதுவும் இருக்காது. ஷட்டர் திறந்திருந்தால் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்கும். ஆனால் அதைப் பார்த்த பிறகு, டீலர் கடையில் உட்கார்ந்து விவசாயிகள் "மணக்கடவில் எவ்வளவு விட்டிருக்கான்?" என்று பேசிக்கொள்வது உங்களுக்கு அப்படியே விளங்கும். அவர்களுடைய ஆறு மாத வாழ்க்கை அந்தக் கேள்வியில் இருக்கிறது.

இதே கண்ணோடு பாலக்காட்டிலிருந்து சித்தூர் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ்ஸில் போங்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் நிலம் மாறும். முதலில் நெல்வயல், ஓரத்தில் கரும்பனை. அப்புறம் தென்னந்தோப்பு. கிழக்கே போகப் போக மண் காய்ந்து, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் நம் கிணத்துக்கடவுப் பக்கம் போலவே ஆகிவிடும். கேரளம் என்றால் மழை என்று நினைக்கிறவர்கள் இந்தப் பஞ்சாயத்துகளைப் பார்த்ததில்லை. மழை மறைவுப் பகுதி, ஆழமான போர்வெல், வறட்சிக் காலத்தில் லாரித் தண்ணீர். வலதுகரைக் கால்வாயைக் கிழக்கே நீட்டித் தங்கள் பக்கமும் கொண்டுவர வேண்டும் என்பது இங்கே நெடுநாள் கோரிக்கை. பேசுவது பெரும்பாலும் தமிழ். கடைப் பெயர்ப் பலகை இரண்டு மொழியில் இருக்கும், அரசாங்கப் பள்ளியிலேயே தமிழ் வழி வகுப்பு இருக்கும். போர்வெல்லுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டார் ஏன் இங்கே அதிகம் ஓடுகிறது, நெம்மாறைப் பக்கம் ஏன் அவ்வளவு ஓடுவதில்லை என்பதும் உங்களுக்கு இந்த ஒரு பஸ் பயணத்தில் தெரிந்துவிடும்.

இப்போது என் மனசுக்கு மிகவும் பிடித்த ரோட்டுக்கு வருகிறேன். பாலக்காட்டிலிருந்து பெருவெம்பு, புதுநகரம், வடவன்னூர் வழியாகக் கொல்லங்கோடு. தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இந்த ரோட்டை ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள், ஒரு வாரத்துக்கு ஒரு ஊர் போதும்.

பாலக்காட்டை விட்டுக் கிணாசேரி தாண்டும்போது உள்ளே தள்ளி இருக்கிறது தஸ்ராக். மலையாள எழுத்தாளரும் கார்ட்டூனிஸ்டுமான ஓ.வி. விஜயன் (1930 - 2005) தன் நாவல் உலகத்தை உருவாக்கியது இந்தக் கிராமத்தை வைத்துத்தான். அவர் தங்கிய ஞாற்றுப்புரையை, அதாவது நாற்று நடவு காலத்துக்காக வயலோரம் கட்டிய வீட்டை, நினைவகமாக வைத்திருக்கிறார்கள். அவருடைய படங்களும் கார்ட்டூன்களும் அங்கே உண்டு. மலையாளம் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மெயின் ரோட்டில் இறங்கி, வயல் நடுவே கால்வாய்க் கரையோரம் நடந்து போகிற அந்த வழியே போதும். ஒரு எழுத்தாளருக்காக ஒரு ஊர் தன் பழைய களத்து வீட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நம் பக்கத்தில் இப்படி எத்தனை இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே திரும்புவேன்.

அடுத்து பெருவெம்பு. இங்கே தலைமுறை தலைமுறையாகத் தோல் வாத்தியம் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. செண்டை, மத்தளம், மிருதங்கம் எல்லாம் இங்கே உருவாகிறது, பழுதும் பார்க்கிறார்கள். பாலக்காடு மணி ஐயரின் மண்ணில் மிருதங்கத்துக்கு இருக்கும் பெயருக்குப் பின்னால், தோலைச் சுரண்டி, வெயிலில் காயவைத்து, வாரை இழுத்துக் கட்டுகிற இந்தக் கைகளும் இருக்கின்றன. மேடையில் வாசிக்கிறவர் பெயர் நமக்குத் தெரியும், செய்தவர் பெயர் தெரியாது. காலையிலேயே வேலை தொடங்கிவிடும். வாசலில் நின்று, "பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் உள்ளே கூப்பிடுவார்கள். போட்டோ எடுக்கும் முன்னால் மறுபடி ஒருமுறை கேளுங்கள். அது அவர்களுடைய வேலை செய்யும் இடம், காட்சிக்கூடம் இல்லை.

புதுநகரத்தில் ராவுத்தர் குடும்பங்கள் நிறைய. வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்கள். மதியம் அந்தப் பக்கம் இருக்க நேர்ந்தால் ராவுத்தர் பிரியாணி சாப்பிடுங்கள்.

வடவன்னூரைப் பற்றி உங்கள் அப்பாவிடம் சொன்னால் அவரே கூட வருவேன் என்பார். எம்.ஜி.ஆரின் தாயார் சத்தியபாமாவின் ஊர் அது. எம்.ஜி.ஆர். 1917-ல் கண்டியில் பிறந்தார், தகப்பனார் மறைந்த பிறகு குடும்பம் கும்பகோணம் போனது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. தாய்வழி வீடு இங்கே சிதைந்து கிடந்தது. அதைப் புதுப்பித்து 2019-ல் நினைவு இல்லமாகத் திறந்தார்கள். சாதாரண ஓட்டு வீடு, சுற்றிலும் தோப்பு. பெரிய ஏற்பாடுகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் தமிழ்நாட்டின் ஒரு காலகட்டத்தையே ஆண்ட மனிதரின் தாய், சிறு பெண்ணாக இந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

கொல்லங்கோட்டில் பார்க்க வேண்டியது மலை. நெல்லியாம்பதி மலை தெற்கே ஒரே சுவராக எழுந்து நிற்கிறது, அதன் காலடி வரை வயல். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை போனால் அந்தப் பாறைச் சுவரில் ஆங்காங்கே அருவிகள் வெள்ளைக் கோடாக இறங்குவதை வயல் வரப்பிலிருந்தே பார்க்கலாம். சீதார்குண்டு அருவி அதில் பெரியது. அங்கே நெல் இரண்டு போகம். முதல் போகம் மழையோடு வளர்ந்து ஆவணி, புரட்டாசியில் அறுப்பாகும். இரண்டாவது போகம் தை, மாசி வாக்கில். பச்சை பார்க்க வேண்டுமானால் ஜூலை அல்லது டிசம்பர். அறுப்புக் காலமும் எனக்குப் பிடிக்கும். நம் சேலம், ஆத்தூர்ப் பக்கத்து அறுவடை இயந்திரங்கள் வரிசையாக வந்து இறங்கியிருக்கும், டிரைவர்கள் சாயாக்கடையில் நம் ஊர்க் கதை பேசுவார்கள். கொஞ்ச வருஷமாக வீடியோ எடுக்கிற கூட்டம் கொல்லங்கோட்டு வயல்களில் பெருகிவிட்டது. வரப்பை மிதித்து உடைப்பது, பிளாஸ்டிக் போடுவது என்று விவசாயிகளுக்கு மனவருத்தம் உண்டு. நீங்கள் அவர்களோடு வியாபாரம் செய்கிறவர், ரோட்டோரம் நின்று பார்த்தாலே போதும்.

இன்னும் கொஞ்சம் போனால் முதலமடை. ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில் விழுது இறக்கிய ஆலமரங்கள். கேரளத்தில் மிக அழகான நிலையங்களில் ஒன்று என்று அடித்துச் சொல்வேன். பொள்ளாச்சி - பாலக்காடு மீட்டர்கேஜ் பாதையை மூடி, அகலப் பாதையாக்கி 2015-ல் திறந்தார்கள். வண்டிகள் நாளுக்கு ஒரு சிலதான், அதனால் நிலையம் அமைதியாகவே இருக்கும். முதலமடை மாம்பழத்துக்கும் பேர்போன இடம். மற்ற ஊர்களில் பூ வைத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே தை, மாசியில் காய் சந்தைக்கு வந்துவிடும், வட இந்திய நகரங்களுக்கு லாரி லாரியாகப் போகும். சீசனில் பேக்கிங் ஷெட்டுகளில் அல்போன்சா, பங்கனபள்ளி, சிந்தூரம், கிளிமூக்கு என்று வைக்கோல் விரித்துக் குவித்திருப்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் சில்லறைக்கும் தருவார்கள்.

இங்கே ஒரு யோசனை. வியாழக்கிழமைக் கடைசி வேலையைக் கொல்லங்கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பையை எடுக்கப் பாலக்காட்டுக்குத் திரும்பாமல், காலையிலேயே லாட்ஜைக் காலி செய்துவிட்டு வந்து, கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேரலாம். நெரிசலான வாளையார் ரோட்டைத் தவிர்க்கலாம், மாலை வெயிலில் ஆனைமலையைப் பார்த்துக்கொண்டே வரலாம். நேரம் ஒத்துவந்தால் ரயிலில் வாருங்கள், மலை உங்கள் வலது பக்கம் வரும். போகும்போது கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயில் ஏறினாலும் வலது பக்க ஜன்னல்தான். மதுக்கரை தாண்டியதும் வாளையார்க் காடும் மலையும் அந்தப் பக்கம்.

பாலக்காடு டவுனுக்குள்ளேயே உங்களுக்குச் சில காலைகள் இருக்கின்றன. கோட்டை பார்த்துவிட்டேன் என்றீர்கள். பகலில் போய் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காலை ஆறு மணிக்குப் போய் அகழியைச் சுற்றி ஊர்க்காரர்களோடு நடந்து பாருங்கள். ஹைதர் அலி 1766-ல் இந்த இடத்தில் ஏன் கோட்டை கட்டினார் என்பது மேலே சொன்ன கணவாயை நினைத்தால் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் படை போக இருந்த சமதள வழி இது ஒன்றுதான். கோட்டைக்குள் ஆஞ்சநேயர் கோயில் காலையில் திறந்திருக்கும்.

கல்பாத்தி அக்ரஹாரத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். "காசியில் பாதி கல்பாத்தி" என்பார்கள். விசுவநாதசுவாமி கோயிலிலிருந்து படி இறங்கினால் கல்பாத்திப் புழை. பல நூற்றாண்டுக்கு முன் தஞ்சாவூர், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் தெரு, இன்றும் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். காலையில் வாசலில் கோலம், உள்ளேயிருந்து சில நாள் பாட்டுப் பயிற்சி. அப்பளம், வடாம், ஊறுகாய் விற்கும் கடைகள் பிறகு திறக்கும், வீட்டுக்கு வாங்கி வாருங்கள். ஐப்பசிக் கடைசியில், அதாவது நவம்பர் நடுவில், தேர்த் திருவிழா. அதற்கு முன்னால் சங்கீதோத்சவம், வேலை முடிந்து மாலையில் கேட்கலாம். அந்த வாரம் டவுனில் லாட்ஜ் கிடைப்பது கஷ்டம், முன்பே சொல்லி வையுங்கள். ஆற்றோரமாகவே ஜைனிமேட்டில் பழைய சமணக் கோயில் ஒன்று இருக்கிறது, வெறும் கருங்கல், அலங்காரம் குறைவு. பாலக்காட்டுக்கு வியாபாரம் செய்ய வந்த சமணர்கள் விட்டுப்போன அடையாளம். நம்மைப் போலவே சரக்கோடு வந்தவர்கள் என்ற நினைப்பில் எனக்கு அந்தக் கோயில்மேல் தனிப் பிரியம்.

பசியோடு போக வேண்டிய இடம் ராமசேரி. எலப்புள்ளிப் பக்கம், டவுனிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள். ராமசேரி இட்லி தட்டையாக, சின்ன தோசை போல இருக்கும். மண்பானை வாயில் நூல் வலை கட்டிய வளையம் வைத்து, மேலே துணி விரித்து, மாவு ஊற்றி விறகடுப்பில் வேகவைக்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பானைகள் அடுக்கி நிற்கும். செய்கிறவர்கள் முதலியார் குடும்பங்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து நெசவுக்காக வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பார்கள். நெசவு நின்றுபோய் இட்லி நிலைத்திருக்கிறது. இன்றைக்குச் செய்கிற வீடுகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும். தேங்காய் எண்ணெய் குழைத்த பொடியோடு சாப்பிடுங்கள். சீக்கிரம் கெடாது, அதனால் பார்சல் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். காலை ஏழரைக்குப் போனால் ஒன்பதரைக்கு முதல் டீலர் கடையில் இருக்கலாம்.

நெம்மாறை லைனில் போத்துண்டி அணைக்கரை வரை காலையில் போய் வரலாம். மேலே நெல்லியாம்பதி வேறு விஷயம். ஒற்றை மலைப்பாதை, வனத்துறை செக்போஸ்ட்டில் மதியத்துக்குப் பிறகு வண்டிகளை மேலே விடுவதை நிறுத்திவிடுவார்கள், பஸ்ஸும் குறைவு. டீலரைப் பார்த்துவிட்டு ஒரு எட்டுப் போய் வரலாம் என்று கிளம்பாதீர்கள். சைலன்ட் வேலியும் பரம்பிக்குளமும் அப்படித்தான். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் போக வழி நம் சேத்துமடை, டாப்ஸ்லிப் மூலமாகத்தான். இவையெல்லாம் வீட்டாரோடு ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கிப் போக வேண்டியவை. நெம்மாறைக்கே திரும்பி வந்தால், ஏப்ரல் தொடக்கத்தில் நெம்மாறை - வல்லங்கி வேலா நடக்கும். இரண்டு ஊரார் பந்தலிலும் யானையிலும் வாணவேடிக்கையிலும் போட்டி போடுகிற திருவிழா. அன்றைக்கு அங்கே யாரிடமும் பாக்கி கேட்க முடியாது, கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. வாளையார், கஞ்சிக்கோடு, மலம்புழா, தோணி, இவையெல்லாம் யானை நடமாடுகிற இடங்கள். தோணிப் பக்கம் தொல்லை கொடுத்துவந்த பி.டி.7 என்ற கொம்பனை 2023 ஜனவரியில்தான் பிடித்தார்கள். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள் என்று நானே சொன்னேன், ஆனால் காட்டோரப் பாதைகளில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, அதுவும் உள்ளூர்க்காரர் சரி என்று சொன்ன பிறகு மட்டும். மலம்புழாவுக்குப் பின்னால் கவா என்று ஒரு பக்கம், அணைத் தண்ணீரும் மலையும் சேர்ந்து மழைக்காலத்தில் மனதை அள்ளும். அங்கே தனியாகப் போகாதீர்கள். மலம்புழாவையே மறுபடி பார்ப்பதானால் அது சென்னை மாகாண அரசு கட்டிய அணை, 1955-ல் காமராஜர் திறந்து வைத்தது என்ற நினைப்போடு பாருங்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் மாநிலம் பிரிந்து பாலக்காடு கேரளத்துக்குப் போனது. தோட்டத்தில் இருக்கும் யக்ஷி சிலையையும் கொஞ்சம் நின்று பாருங்கள். கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்தது. எல்லோரும் அதன் முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், முழுதாகச் சுற்றி வந்து பார்ப்பவர் குறைவு.

கள்ளைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடை. அங்கே ஷாப்புகள் சட்டப்படி நடக்கின்றன, கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் பெரும்பங்கு கள் போகிறது. விடியற்காலையில் தோப்பில் கள் இறக்குவதைப் பார்ப்பதே ஒரு நல்ல காட்சி. ஷாப்பில் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் சாப்பிடுங்கள். மதியம் இன்னொரு டீலரைப் பார்க்க வேண்டியிருந்தால் கள் வேண்டாம். எல்லை தாண்டிக் கொண்டுவரவும் வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். டீலரிடம் "இங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டால் மலம்புழா என்றுதான் சொல்வார். அவருக்குத் தன் ஊர் பார்க்கிற இடமாகத் தோன்றாது. "உங்க கோயில் வேலா எப்போ?", "உங்க வயலுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?", "உங்க தாத்தா எந்தப் பக்கத்திலிருந்து வந்தாங்க?" என்று கேளுங்கள். பேச்சு தானாகப் போகும். சைட் விசிட்டைத் தட்டிக்கழிக்காதீர்கள். மோட்டார் ஓவர்லோடு ஆகிறது என்று ஒரு விவசாயி தோப்புக்குக் கூப்பிட்டால் அலுப்புப் படாமல் போங்கள். எந்த வழிகாட்டியும் காட்டாத வாய்க்கால், காவு என்கிற கோயில் தோப்பு, நடுவே முற்றம் வைத்த பழைய நாலுகெட்டு வீடு எல்லாம் அப்படிப் போன வழியில்தான் நான் பார்த்தேன். பழுது பார்த்து முடித்த பிறகு கிடைக்கிற இளநீரும் பேச்சும் சும்மா சுற்றிப்பார்க்கப் போகிறவருக்குக் கிடைப்பதில்லை.

சில்லறை விஷயங்கள். பையில் ஒரு வேட்டி, துண்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பல கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை குடை. கேட்லாக் மூட்டையைச் சுமந்துகொண்டு நடக்காமல் டீலர் கடையில் விட்டுவிட்டுப் போங்கள். ஹர்த்தால் அறிவித்தால் முந்தின இரவே ஊருக்குத் திரும்பிவிடுங்கள், பஸ்ஸும் ஓடாது, சாப்பாடும் கிடைக்காது. அப்புறம், ஊர் பார்க்கப் பிடித்த ஆட்டோ காசைக் கம்பெனி பில்லில் எழுதாதீர்கள். தொகை சின்னதுதான், ஆனால் அதைச் சொந்தக் காசில் செய்தால்தான் அந்தக் காலை நேரம் முழுக்க உங்களுடையதாக இருக்கும்.

நாளைக்கே லைன் மாறினாலும் கவலை வேண்டாம். செங்கோட்டை - புனலூர் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1904-ல் ஓடத் தொடங்கிய மலை ரயில் பாதை, 2018-ல் அகலப்பாதையாகி மறுபடி முழுசாகத் திறந்தது. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் ரோட்டை ஒட்டியே நிற்கும். புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877-ல் கட்டிய தொங்கு பாலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். நாகர்கோவில் பக்கம் போட்டால் தக்கலையில் பத்மநாபபுரம் அரண்மனை, தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

கடைசியாக, சித்தூர் பற்றி ஒன்று விட்டுப்போனது. ஆற்றங்கரையில் தெக்கே கிராமத்தில் எழுத்தச்சன் குருமடம் இருக்கிறது. மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த இடம். அதே ஊர் பகவதி கோயிலில் மாசி மாதம் கொங்கன்படை என்று ஒரு திருவிழா. கொங்கு நாட்டுப் படை கணவாய் வழியாக வந்தபோது பகவதியே இறங்கிப் போரிட்டு விரட்டினாள் என்ற கதையை ஊரே சேர்ந்து நடத்திக் காட்டும். நம் பாட்டன்மார்தான் அந்தக் கதையில் எதிரி. ஆனாலும் கோயம்புத்தூர்க்காரன் என்று தெரிந்தால் கூப்பிட்டு முன்வரிசையில் நிறுத்துவார்கள், அவ்வளவு பிரியமானவர்கள். வழக்கமாகத் திங்கட்கிழமையில் வரும், தேதி வருஷா வருஷம் மாறும். தை பிறந்ததும் சித்தூர் டீலரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த வாரத்து லைனைப் பாலக்காட்டில் தொடங்காமல் சித்தூரில் தொடங்குங்கள்.